தற்செயலை உரிமையாக்கியவர்: இலவசக் கல்வியின் தந்தை சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா

இலங்கையின் அரசாங்கப் பாடசாலையொன்றில் முதலாம் ஆண்டிற் சேரும் பிள்ளை, தகுதி பெறுமாயின், பல்கலைக்கழகப் பட்டத்தோடு வெளியேறும் வரை கற்பித்தற் கட்டணமாக ஒரு சதத்தையேனும் செலுத்த வேண்டியதில்லை. மீனவரின் மகளும் கூலித் தொழிலாளியின் மகனும் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வருவது இந்நாட்டில் எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால், எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இது கனவிலும் எண்ணிப் பார்க்க முடியாத ஒன்றாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியதிற் பலருக்குப் பங்குண்டு. எனினும், பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராக இருந்து, அதிகாரமும் செல்வாக்கும் மிக்கோரின் எதிர்ப்பைத் தாங்கி நின்று, அம்மாற்றத்தைச் சட்டமாக்கிய பெருமை கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கராவையே சாரும்.

இலவசக் கல்வியின் தந்தை என்று பாடநூல்களிலே படித்து மனனம் செய்யப்படும் ஒரு பெயராக அவர் இன்று சுருங்கிவிட்டார். அவருடைய வாழ்க்கையைச் சற்று ஊன்றி நோக்கும்போது, நமது பிள்ளைகளின் கல்வி பற்றி இன்றும் நாம் கேட்க வேண்டிய சில வினாக்கள் அதனுள்ளே பொதிந்திருப்பதைக் காணலாம்.

அம்பலாங்கொடை மாணவன்

தென்னிலங்கையின் கரையோரப் பட்டினமான அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள றந்தொம்பே என்னும் கிராமத்தில் 1884 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி கன்னங்கரா பிறந்தார். தந்தையார் பலப்பிட்டிய நீதிமன்றத்தில் உதவிப் பிஸ்காலாகக் கடமையாற்றியவர். வறுமையில் வாடிய குடும்பம் அன்று. ஆயினும் பிள்ளைகளைத் தலைநகரின் பெருங் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கும் வசதி படைத்த குடும்பமும் அன்று. அம்பலாங்கொடையிலிருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயே அவருடைய ஆரம்பக் கல்வி அமைந்தது.

அப்பாடசாலையின் பரிசளிப்பு விழாவொன்றுக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரியின் அதிபரான வணக்கத்துக்குரிய ஜேம்ஸ் ஹொரஸ் டாரல் பிரதம விருந்தினராக வந்திருந்தார். ஒரே மாணவனின் பெயர் மீண்டும் மீண்டும் அழைக்கப்படுவதையும், அவன் மேடைக்கு வந்து பரிசு மேல் பரிசாகப் பெற்றுச் செல்வதையும் கண்ட அவர், இத்தனை பரிசுகளையும் வீட்டுக்குக் கொண்டு செல்ல மாட்டு வண்டியொன்று வேண்டியிருக்கும் என வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்லப்படுகின்றது. வேடிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. ரிச்மண்ட் கல்லூரியின் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும்படி அம்மாணவனைத் தூண்டினார். கன்னங்கரா அப்பரீட்சையில் தேறி, கட்டணச் சுமையின்றி அக்காலத்தின் சிறந்த ஆங்கிலக் கல்லூரிகளுள் ஒன்றிலே கற்கும் வாய்ப்பைப் பெற்றார்.

அங்கே கணிதத்தில் தனித்திறமை காட்டினார்; கல்லூரியின் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கினார். கற்ற கல்லூரியிலேயே கணித ஆசிரியராகவும் பணியாற்றினார். அவருக்கு வழி காட்டிய டாரல், 1906 ஆம் ஆண்டில் நெருப்புக் காய்ச்சலுற்ற மாணவர்களைப் பராமரிக்கும்போது அந்நோய் தமக்கும் தொற்றியதால் உயிர் நீத்தார். மாணவர்களுக்காகத் தம்மையே ஈந்த அந்த ஆசிரியரின் நினைவு கன்னங்கராவின் உள்ளத்தை விட்டு இறுதிவரை அகலவில்லை எனலாம்.

டாரல் அன்று அந்த விழாவுக்கு வராதிருந்தால் என்ன நடந்திருக்கும்? திறமை மிக்க அச்சிறுவன் ஊரிலேயே ஏதேனும் சிறு உத்தியோகம் பார்த்துக் காலத்தைக் கழித்திருக்கக் கூடும். நல்லாசிரியர் ஒருவரின் கண்ணிற் படுதல் என்னும் தற்செயலே அவருடைய வாழ்க்கையின் திசையைத் திருப்பியது. அத்தகைய தற்செயல் வாய்க்காத எத்தனை ஆயிரம் பிள்ளைகள் இந்நாட்டின் ஊர்கள்தோறும் இருந்திருப்பர்! கன்னங்கராவின் பிற்காலப் பணிகள் அனைத்தையும், இந்த ஒரு வினாவுக்கு அவர் தேடிய விடையாகவே கொள்ளலாம்.

கட்டணம் என்னும் மதில்

அக்காலக் கல்வி முறையைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் பலரிடையே உண்டு. 1945 இற்கு முன்னர் எல்லாப் பாடசாலைகளிலும் கட்டணம் அறவிடப்பட்டது என்பதே அது. உண்மை அதுவன்று. சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் அப்போதும் கட்டணம் இருக்கவில்லை. ஆங்கிலப் பாடசாலைகளிலேயே கட்டணம் அறவிடப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞர் சேவை, சட்டம், மருத்துவம், உயர்கல்வி ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலமே திறவுகோலாக இருந்தமையால், சுயமொழிப் பாடசாலையிற் கற்ற பிள்ளை எவ்வளவுதான் கெட்டிக்காரனாயினும், சுயமொழி ஆசிரியர் பதவி போன்ற ஒரு சிலவற்றோடு அவனது பாதை முடிந்துவிடும். நாட்டின் பிள்ளைகளுள் மிகச் சிறு தொகையினரே ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்றனர். ஒரே நாட்டில், ஒரே ஊரில், இரண்டு வகைப் பாடசாலைகளும் இரண்டு வகை எதிர்காலங்களும் இருந்தன. இரண்டுக்கும் இடையே கட்டணம் என்னும் மதில் எழுந்து நின்றது.

இம்மதிலைத் தத்தம் சமூகத்தவருக்காகவேனும் தாண்டிச் செல்ல முயன்ற பெரியோர் பலர் நம்மிடையே இருந்தனர். ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் முயற்சியால், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவின் ஆதரவுடன், பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா 1892 இல் கொழும்பிலே உதயமாயிற்று. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மகளிருக்கும் 1921 இல் ஆண்களுக்குமாகக் கல்லூரிகளை யாழ்ப்பாணத்தில் நிறுவினார். மிஷனரிமாரின் கல்விப் பணியையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், இவையெல்லாம் கொடையாளரின் பெருமனத்தையும் சமய நிறுவனங்களின் வளத்தையும் நம்பியவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பேற்க வேண்டியது அரசாங்கமே என்ற கருத்து அப்போது வலுப்பெற்றிருக்கவில்லை.

அமைச்சர் பதவி

கொழும்புக்கு அண்மையிலுள்ள மொரட்டுவை பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரியிலும், கொழும்பு வெஸ்லி கல்லூரியிலும் கற்பித்துக்கொண்டே சட்டம் பயின்ற கன்னங்கரா, 1910 ஆம் ஆண்டில் புரொக்டராகிக் காலியில் தொழில் தொடங்கினார். 1911 ஆம் ஆண்டில் படித்த இலங்கையருக்கான சட்டநிரூபண சபை ஆசனத்துக்குத் தேர்தல் நடைபெற்றபோது, அவர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவாக உழைத்தார். தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் ஒருவர் தமிழ்த் தலைவர் ஒருவரின் வெற்றிக்காகப் பாடுபட்டமை அக்காலத்தின் அரசியல் நாகரிகத்துக்கு ஒரு சான்றாகும். 1923 இல் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தார். 1930 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவரானார்.

டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 1931 ஆம் ஆண்டில் சர்வஜன வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆண், பெண் இருபாலாரும், படித்தவர் படிக்காதவர் என்ற பேதமின்றி வாக்களிக்கும் உரிமை பெற்றனர். அரசாங்க சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைந்தன. கல்விக்கான நிர்வாகக் குழுவின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டதன் மூலம் கன்னங்கரா நாட்டின் முதலாவது கல்வி அமைச்சரானார். வாக்குரிமை பெற்ற ஏழையின் பிள்ளைக்குக் கல்வியுரிமை இல்லையெனில் அவ்வாக்குரிமை முழுமை பெறாது என்பதை அன்றைய அமைச்சர்களுள் ஆழமாக உணர்ந்தவர் அவரே எனலாம்.

அந்த அரசாங்க சபையின் வரலாற்றில் தமிழ் பேசும் மக்களுக்கு நிறைவளிக்காத பக்கங்களும் உண்டு. முழுமையான சுயாட்சி வழங்கப்படவில்லை எனக் கண்டித்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மேற்கொண்ட பகிஷ்கரிப்பினால், 1931 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. 1936 இல் அமைந்த அமைச்சரவையோ சிங்களவர்களை மாத்திரமே கொண்டிருந்தது. கன்னங்கராவும் அதில் அங்கம் வகித்தார். அவரைப் போற்றும்போது இதனை மறைத்துவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. அதே வேளையில், அவர் வகுத்த கல்வித் திட்டம் இனத்தையோ மதத்தையோ தகுதியாகக் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதவியேற்ற தொடக்க காலத்திலேயே, கிராமத்துப் பிள்ளைக்குப் பயன்படும் வகையிற் பாடங்களை அமைக்கும் முயற்சி கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பயிர்ச் செய்கை, கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றோடு எழுத்தறிவையும் இணைத்த அத்திட்டம் ஹந்தெஸ்ஸத் திட்டம் என்றே பெயர் பெற்றது. 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விச் சட்டம், மக்கள் பிரதிநிதிகளின் கையில் கல்வி நிர்வாகத்தின் அதிகாரத்தை ஒப்படைப்பதற்கு வழி செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவை யாவும் பின்னர் வரவிருந்த பெரு மாற்றத்துக்கான முன்னேற்பாடுகளாக அமைந்தன.

விசேட குழுவும் அதன் அறிக்கையும்

நாட்டின் கல்வி முறை முழுவதையும் ஆராய்வதற்கென 1940 ஆம் ஆண்டில் கன்னங்கராவின் தலைமையில் விசேட குழுவொன்று அமைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸும் அதில் இடம்பெற்றிருந்தார். உலகப் போர் மூண்டு, உணவுத் தட்டுப்பாடும் குண்டுவீச்சு அச்சமும் நிலவிய காலத்திலே பணியாற்றிய அக்குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது.

பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக்கப்பட வேண்டும், ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும், ஆங்கிலம் இரண்டாம் மொழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டும், பிள்ளைகளின் ஆற்றலுக்கேற்ப வெவ்வேறு வகைப்பட்ட இடைநிலைப் பாடசாலைகள் அமைய வேண்டும் என்பன அவ்வறிக்கையின் முக்கிய விதப்புரைகளாகும். பாடசாலைகளை வகைப்படுத்தும் யோசனை நடைமுறையில் நிலைபெறவில்லை. இலவசக் கல்வி என்னும் முதலாவது விதப்புரையோ இந்நாட்டின் தலைவிதியையே மாற்றியது.

1944 ஆம் ஆண்டில் அரசாங்க சபையில் அறிக்கை மீதான விவாதம் தொடங்கியபோது எதிர்ப்புகள் பல திசைகளிலிருந்தும் எழுந்தன. இதற்கான பணம் எங்கேயிருந்து வரும் என்று நிதிப் பொறுப்பாளர்கள் கேட்டனர். எல்லோரும் படித்துவிட்டால் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்ய ஆளிருக்காது என நிலவுடைமையாளர் அஞ்சினர். கட்டணத்தையும் அரசாங்க நன்கொடையையும் கொண்டு நடத்தப்பட்டு வந்த மதப் பிரிவினரின் ஆங்கிலப் பாடசாலைகளுக்கு வேறொரு கவலை இருந்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்கும். அதற்கு ஈடாகக் கட்டணம் அறவிடுவதை நிறுத்த வேண்டும். இல்லையேல் அரசாங்க உதவியின்றித் தனியார் பாடசாலையாகவே இயங்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றின் சுதந்திரத்துக்கு ஆபத்தாகும் என அவற்றின் முகாமையாளர்கள் கருதினர். அவர்களின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது எனவும் கூறிவிட முடியாது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது என்பது பின்னைய வரலாறு.

அமைச்சரவைக்குள்ளேயே தயக்கம் நிலவியது. ஆயினும், ஆசிரியர் சங்கங்களும் பொதுமக்களும் கன்னங்கராவின் பக்கம் நின்றனர். வடக்கில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் முன்னோடியும் ஆசிரியத் தலைவருமான ஹண்டி பேரின்பநாயகம் இலவசக் கல்விக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் குரல் கொடுத்தார். 1931 இல் அரசாங்க சபையைப் பகிஷ்கரிக்கும்படி அறைகூவியவரே, அச்சபையின் கல்வித் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு நன்மை பயக்கும் எனக் கண்டபோது அதனை ஆதரிக்கத் தயங்கவில்லை.

இறுதியில் 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு மறு ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழ 58 சதவீதத்தினரே. பெண்களுள் இது ஏறத்தாழ 44 சதவீதமாக மாத்திரமே இருந்தது. இன்று ஆண், பெண் இருபாலாரிலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் எழுத்தறிவு உடையோர். இப்பெருமாற்றத்தில் மிகுந்த பயனடைந்தவர்கள் பெண்பிள்ளைகளே. கட்டணம் கட்ட வேண்டிய காலத்தில், இருக்கும் சிறு பணத்தை ஆண்பிள்ளைக்கே செலவிடுவது குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. கட்டணம் நீங்கியதும் அந்தப் பாகுபாட்டின் வேர் தளரத் தொடங்கிற்று.

ஊர் தேடி வந்த கல்லூரிகள்

கட்டணத்தை நீக்குவதால் மாத்திரம் கிராமத்துப் பிள்ளைக்கு விடிவு பிறந்துவிடாது என்பதைக் கன்னங்கரா நன்கறிந்திருந்தார். நல்ல கல்லூரிகள் எல்லாம் நகரங்களிலே இருக்கும்போது, கிராமத்துப் பிள்ளை கட்டணமின்றிக் கற்பதற்கு எங்கே செல்வது? இவ்வினாவுக்கான விடையாகவே மத்திய பாடசாலைகள் எழுந்தன. 1940களில் நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய பாடசாலைகள், பெரும்பாலும் நகரங்களிலிருந்து விலகிய இடங்களிலே, நிறுவப்பட்டன. விஞ்ஞான ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு மைதானம், விடுதி ஆகியவை அங்கே அமைந்தன. சுற்றயலிலுள்ள சிறிய பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் பரீட்சை மூலம் தெரிவுசெய்யப்பட்டு, விடுதிச் செலவுமின்றி அங்கு கற்பதற்கு அனுமதிக்கப்பட்டனர். அம்பலாங்கொடையில் ஒரு சிறுவனுக்கு டாரல் என்னும் தனிமனிதர் செய்த உதவியை, நாட்டின் எல்லாச் சிறுவர்களுக்கும் அரசாங்கமே செய்யும் ஏற்பாடாக அவர் மாற்றினார்.

தமிழ்ப் பிரதேசங்களும் இதனாற் பயனடைந்தன. தீவகத்தில் வேலணையிலும், மட்டக்களப்பு மாவட்டத்தில் வந்தாறுமூலையிலும் மத்திய பாடசாலைகள் தோன்றின. வந்தாறுமூலை மத்திய கல்லூரி உருவாவதற்குப் பெரிதும் உழைத்தவர் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினரான வ. நல்லையா ஆவார். 1944 இல் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாகவும் போதனா மொழியாகவும் ஆக்கும் பிரேரணையை ஜே.ஆர். ஜயவர்தன சபையிற் கொண்டு வந்தபோது, தமிழையும் அதனுடன் சேர்க்கும் திருத்தத்தை முன்மொழிந்து நிறைவேற்றுவித்தவரும் அவரே. படுவான்கரையின் வயற்காட்டுப் பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதற்கு அவர் எழுப்பிய அந்தக் கல்லூரியின் வளாகத்திலேதான் 1981 இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. ஒரு பாடசாலையை நாட்டினால் அது எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா?

முஸ்லிம் சமூகத்திலும் இதே காலப்பகுதியில் கல்வி விழிப்புணர்ச்சி தீவிரமடைந்தது. ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த ரி.பி. ஜாயா சமூகத்தின் கல்விக் கோரிக்கைகளை இடையறாது எடுத்துரைத்து வந்தார். கல்முனையில் அரச அதிகாரியாகக் கடமையாற்றிய காலத்தில் கிழக்கு முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைக் கண்ணாரக் கண்ட ஏ.எம்.ஏ. அஸீஸ், 1945 ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1946 இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி திறக்கப்பட்டது. கட்டணம் இலவசமானாலும் புத்தகம், உடை, போக்குவரத்து, விடுதி ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும் என்பதை அஸீஸ் உணர்ந்திருந்தார். அரசாங்கம் கதவைத் திறந்தபோது, அக்கதவு வரை தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கடமை சமூகத்துக்கு உண்டு என்பதை அவருடைய நிதியம் எடுத்துக் காட்டியது.

விடுபட்டுப்போன பிள்ளைகள்

கன்னங்கரா திறந்துவைத்த கதவு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேளையில் எட்டவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றனர். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குச் சுயமொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்திருந்தது. பிள்ளை கொழுந்து பறிக்கும் வயதை அடைந்ததும் பயன் தரும் ஒரு கூலியாள் எனக் கருதிய துரைமார், அப்பிள்ளையைப் படிக்க வைப்பதில் எவ்வளவு அக்கறை காட்டியிருப்பர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓராசிரியர், ஒரே அறை, பல வகுப்புகள் என்பதே அநேக தோட்டப் பாடசாலைகளின் நிலையாக இருந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு மேலே அங்கே படியே இல்லை.

இலவசக் கல்வி வந்தபோது ஏனைய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை பாதை திறந்தது. இவர்களுக்கோ அப்பாதையின் தொடக்கத்தைச் சென்றடைவதற்கே வழியிருக்கவில்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும், அதனைத் தொடர்ந்து வாக்குரிமையை இழந்ததும், இவர்களுக்காகக் கேட்பதற்கான அரசியல் வலுவையும் இல்லாமலாக்கின. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களிலேதான். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து ஒரு தலைமுறை கடந்த பின்னரே அதன் பயன் இப்பிள்ளைகளைத் தேடிச் சென்றது. வாக்குரிமையும் கல்வியுரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை மலையகத்தின் இந்த அனுபவம் எதிர்மறையாக நிரூபித்தது. இத்தாமதத்தின் வடுக்கள் இன்றுவரை முற்றாக மறையவில்லை.

வடக்கு கிழக்கிலும் பின்னாளில் வேறு வகையான தடைகள் எழுந்தன. 1970களின் தரப்படுத்தல், இலவசக் கல்வி திறந்த பல்கலைக்கழகக் கதவைத் தமிழ் மாணவர் பலருக்குக் குறுக்கியது. மூன்று தசாப்த காலப் போர் பாடசாலைகளை அகதி முகாம்களாக்கியது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களிலிருந்து படிப்பைத் தொடர நேரிட்டது. இத்தனை அழிவுக்கு இடையிலும் நமது பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், பல்கலைக்கழகம் சென்றார்கள் என்றால், கட்டணம் கேட்காத ஒரு பாடசாலை எங்கேயோ ஒரு மரநிழலிலாவது இயங்கியமையே அதற்குக் காரணம்.

தோல்வியும் இறுதிக் காலமும்

இத்தனை பெரும் பணியைச் செய்து முடித்தவருக்கு நாடு வழங்கிய கைம்மாறு யாது? சுதந்திரத்துக்கு முற்பட்ட 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கன்னங்கரா மத்துகம தொகுதியிற் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். அவரைத் தோற்கடித்த வில்மட் ஏ. பெரேரா, ஹொரணையில் ஸ்ரீபாலி என்னும் கல்வி நிலையத்தை நிறுவிய ஒரு கல்விக் கொடையாளர் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றாகும். இதனால், சுதந்திர இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சர் என்னும் பதவி இலவசக் கல்வியின் தந்தைக்குக் கிட்டவில்லை.

அதன்பின் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1952 இல் அகலவத்தை தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி உள்ளூராட்சி அமைச்சரானார். கல்வி அமைச்சு மீண்டும் அவரது கைக்கு வரவேயில்லை. 1956 இல் தேர்தல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். பல்லாண்டுகள் அமைச்சராக இருந்தவர் தமக்கெனச் செல்வம் சேர்த்து வைக்கவில்லை. முதுமையில் அவருடைய செலவுகளுக்கு அரசாங்கம் உதவித் தொகை வழங்க வேண்டிய நிலையே இருந்தது. 1969 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆம் திகதி தமது 84 ஆவது வயதிற் கண் மூடினார். பதவியைப் பொருள் தேடும் வழியாகக் கொள்வோர் மலிந்துவிட்ட ஒரு நாட்டில், அவருடைய வறிய முதுமை ஒரு பாடமாகும்.

நமது கடமை

கன்னங்கராவுக்குப் பின் வந்த அரசாங்கங்களும் அவருடைய திட்டத்தை விரிவுபடுத்தியுள்ளன. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடையும் இலவசமாக வழங்கப்படலாயின. ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் இன்று இயங்குகின்றன. இவை பெருமைக்குரியவையே. ஆயினும், சட்டத்தில் இலவசமாக இருப்பது நடைமுறையிலும் இலவசமாக இருக்கின்றதா என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது.

மாலை வேளைகளில் நமது நகரங்களின் தெருக்களிலே பிரத்தியேக வகுப்புகளுக்கு விரையும் பிள்ளைகளின் கூட்டத்தைக் காண்கின்றோம். பாடசாலையில் இலவசமாகக் கிடைக்க வேண்டியதை வெளியே பணம் கொடுத்து வாங்கும் நிலை ஏற்பட்டுள்ளது. கிராமத்து ஏழைப் பிள்ளையை நல்ல பாடசாலைக்கு உயர்த்திச் செல்வதற்கென உருவான ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, பத்து வயதுப் பிள்ளையை வாட்டி வதைக்கும் போட்டியாக மாறிவிட்டது. பணம் செலவிட்டுத் தயார்படுத்தப்படும் நகரத்துப் பிள்ளையோடு பொகவந்தலாவைத் தோட்டப் பிள்ளையும் வாகரைக் கரையோரப் பிள்ளையும் போட்டியிட வேண்டியுள்ளது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் பின்தங்கிய பிரதேசங்களிலேயே செறிந்துள்ளன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது காகிதத் தட்டுப்பாட்டாற் பரீட்சைகள் பிற்போடப்பட்டதையும், எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டதையும், அப்பியாசக் கொப்பி வாங்க முடியாது பெற்றோர் தவித்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

கன்னங்கரா தகர்த்த மதில் வேறொரு வடிவில், சத்தமின்றி மீண்டும் எழுந்து வருகின்றது. அன்று அது கட்டணம் என்னும் பெயரில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றது. அதனாலேயே அதனை எதிர்க்கவும் முடிந்தது. இன்று அது ஆசிரியர் இல்லாத வகுப்பறையாகவும், மாலை வகுப்புக்கான செலவாகவும், பஸ் வராத பாதையாகவும் சிதறிக் கிடக்கின்றது.

இதனைத் தகர்ப்பதற்குப் புதிய சித்தாந்தம் எதுவும் தேவையில்லை. கன்னங்கராவின் வழிமுறையே போதுமானது. எங்கே பிள்ளைகள் பின்தங்கியிருக்கின்றார்களோ அங்கேயே நல்ல பாடசாலையை நிறுவுதல், அங்கேயே நல்லாசிரியரை நியமித்தல், அங்கு அவர் தங்கிக் கற்பிக்கும் வசதிகளைச் செய்து கொடுத்தல் ஆகிய மூன்றையும் அரசாங்கம் தன் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும். தமிழ், முஸ்லிம் சமூகங்களின் தலைவர்கள் தேர்தற் காலத்தில் மாத்திரம் பாடசாலைகளுக்கு வருகை தராது, நல்லையாவைப் போன்றும் அஸீஸைப் போன்றும் தத்தம் பிரதேசப் பாடசாலைகளுக்காக ஆண்டு முழுவதும் வாதாட வேண்டும். படித்து உயர்ந்தோரும், புலம்பெயர்ந்து வாழ்வோரும், தம்மை உயர்த்திவிட்ட ஊர்ப் பாடசாலையை மறவாதிருத்தல் வேண்டும்.

சிலை வைத்தலும் பெயர் சூட்டுதலும் கன்னங்கராவுக்கு நாம் செய்யும் நன்றியாகிவிட மாட்டா. ஏழைப் பிள்ளை ஒன்றின் எதிர்காலம், நல்ல மனிதர் ஒருவரின் கண்ணில் அது படுகின்றதா இல்லையா என்பதில் தங்கியிருக்கக் கூடாது என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி. அந்நெறி நாட்டின் கடைக்கோடியிலுள்ள கடைசிப் பிள்ளைக்கும் உண்மையாகும் நாளிலேயே இலவசக் கல்வி முழுமை பெறும்.